பத்தாவது படிக்கும் மகளை நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கலாமா? குரூப் எது எடுப்பது?

பஞ்சர்கடை எழுதியது:

வணக்கம். வேடசந்தூர் பக்கம் பைபாஸ் ஓரமாக டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். நான் எட்டாவது, வீட்டில் பத்தாவது. பெரியவன் ஐடிஐ ஃபிட்டர் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள், ஆறாவதிலிருந்தே அதே பள்ளி, தமிழ் மீடியம். காலாண்டில் 500க்கு 421 எடுத்தாள். அறிவியல் 93, கணக்கு 74.

பிரச்சினை என்னவென்றால் என் மச்சான் அவன் பையனை நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளியில் பதினொன்றாவது சேர்த்திருக்கிறான். "பாப்பாவையும் அங்கேயே போடுங்க மாமா, ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டா போதும், அப்புறம் லைஃப் செட்டில்" என்கிறான். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து மூன்றேமுக்கால் லட்சம் ஆகுமாம். வீட்டில் இருக்கும் ஆறு பவுனை அடகு வைத்தால் ஓரளவு தேறும். இப்போதே இருபதாயிரம் அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி என்று பொங்கலுக்குள் முடிவு கேட்கிறார்கள். குரூப்பும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் எடு என்று ஒரு கூட்டம், நர்சிங்தான் பொம்பளைப் பிள்ளைக்கு நல்லது என்று வீட்டில். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும், மகனின் போனில் தட்டுகிறேன்.

ஓஎம்ஆர்_வாசி எழுதியது:

அண்ணே, யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள். நானும் இப்படி ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவன்தான், என்னை என் அப்பா ஈரோடு பக்கம் அந்த மாதிரி பள்ளியில் போட்டார், இன்றைக்கு நான் ஐடியில் இருக்கிறேன் என்றால் அந்த இரண்டு வருடம்தான் காரணம். ஊர்ப் பள்ளியில் சுற்றி இருக்கும் எல்லோரும் 60 எடுத்தால் நாமும் 65 எடுத்துவிட்டுத் திருப்தியாக இருப்போம். போட்டி இருக்கிற இடத்தில்தான் படிப்பு வரும். பவுன் இன்றைக்குப் போனால் நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். குரூப் பற்றிக் கேட்டீர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்கள், வேறு எதுவும் வேண்டாம்.

அரியர்_அண்ணாச்சி எழுதியது:

மேலே சொன்னவருக்கு நல்லபடியாக அமைந்திருக்கிறது, சந்தோஷம். என் கதையையும் கேளுங்கள். நானும் அப்படி ஒரு ஹாஸ்டல் பள்ளிதான், பெயர் வேண்டாம். காலை நாலரைக்கு விசில். ஐந்து மணிக்குத் தகரக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து படிக்க வேண்டும், தூங்கி விழுந்தால் எழுந்து நின்று படிக்க வேண்டும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பதினொன்றாவது புத்தகத்தை ஆகஸ்ட் மாதத்தோடு மூடிவிட்டார்கள். செப்டம்பரிலிருந்து பன்னிரண்டாவது பாடம், அதையே ஒன்றரை வருடம் திருப்பித் திருப்பி டெஸ்ட். கேள்விகளை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து கணக்கில் 200க்கு 196 எடுத்தேன், அப்போதெல்லாம் ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண்.

இன்ஜினியரிங் முதல் வருடம் கணக்கு வாத்தியார் "இது நீங்க லெவன்த்லயே பார்த்ததுதான்" என்று சொல்லிவிட்டு போர்டில் வேகமாகப் போட்டுக்கொண்டே போனார். நான் பார்த்ததே இல்லை. எம்1, எம்2 என்ற இரண்டு கணக்குப் பாடமும் அரியர். மூன்றாம் வருடம் வரை அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2017-18இல் பதினொன்றாவதுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது மாநிலக் கல்விக் கொள்கையில் 2025-26இலிருந்து அது கிடையாது என்று ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறையும், அது நல்லதுதான். ஆனால் அந்த மாதிரிப் பள்ளிகள் பழைய வேலையை மறுபடி ஆரம்பிக்காது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பத் தயார். அட்வான்ஸ் கட்டும் முன்பு அங்கே இப்போது பதினொன்றாவது படிக்கிற பிள்ளையிடம் எந்தப் பாடம் நடக்கிறது என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்காதீர்கள்.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

பஞ்சர்கடை சார், முதலில் அந்த இருபதாயிரத்தைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் சொல்லுங்கள், வேறு பேச வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியை, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பும் என் தலையில்தான். உங்கள் மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்கிறீர்கள். அவளிடம் இப்போது இருக்கிற பெரிய சொத்து அந்த ஆறு பவுன் இல்லை, அதுதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடுகிறது. பதினொன்றாவதில் தனியார் பள்ளிக்கு மாற்றினீர்கள் என்றால் இந்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1000 ரூபாய் வருமே, அதுவும் போகும். மூன்றேமுக்கால் லட்சம் கொடுத்து இதையெல்லாம் நீங்களே விற்றுவிடுகிற மாதிரி. வருடா வருடம் மே மாதம் என் முன்னால் யாராவது ஒரு அப்பா வந்து நின்று "ரெண்டு வருஷம்தானே டீச்சர் வெளிய படிச்சா" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்காது.

குரூப் விஷயம். இது பதினொன்றாவதுக்கான முடிவு மாதிரி தெரியும், உண்மையில் கல்லூரிக்கான முடிவு இங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால் உயிரியல் இல்லை, அதனால் மருத்துவம், நர்சிங், கால்நடை எதுவும் கிடையாது. ப்யூர் சயின்ஸ், அதாவது தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக வருவது, அதில் கணக்கு இல்லை, அதனால் இன்ஜினியரிங் கலந்தாய்வு போச்சு. பயோ மேத்ஸ், அதாவது உயிரியலும் கணக்கும் சேர்ந்தது, எடுத்தால் இரண்டு பக்கமும் திறந்திருக்கும், ஆனால் சுமை அதிகம், கணக்கில் 74 எடுக்கிற பிள்ளை அதை விரும்பிப் படிக்கிறாளா, பயந்து படிக்கிறாளா என்பதைப் பொறுத்தது. போன வருடம் ஒரு பையன், ப்யூர் சயின்ஸ், 600க்கு 548. ரிசல்ட் வந்த அன்று சாக்லேட் கொடுத்துவிட்டு "டீச்சர், மெக்கானிக்கல் எந்தக் காலேஜ்ல நல்லாருக்கும்?" என்று கேட்டான். இரண்டு வருடமாக மனசில் வைத்திருந்திருக்கிறான், யாரும் அவனிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பாப்பா என்ன சொல்கிறாள்? உங்கள் பதிவில் மச்சான் சொன்னது இருக்கிறது, வீட்டில் சொன்னது இருக்கிறது, அவள் சொன்னது எங்கேயும் இல்லை.

பஞ்சர்கடை எழுதியது:

டீச்சரம்மா, கட்டவில்லை. நாளைக்குக் கட்டுவதாக இருந்தேன். இந்த 7.5 பற்றி டிவியில் கேட்டிருக்கிறேன், அது டாக்டருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சானுக்குப் போன் போட்டுக் கேட்டால் "அதெல்லாம் கவர்மென்ட் சொல்லும், கிடைக்காது" என்கிறான். அவன் பையனும் பத்து வரை அரசுப் பள்ளிதான், பாவம்.

பாப்பாவைக் கேட்கிறேன்.

ஓஎம்ஆர்_வாசி எழுதியது:

டீச்சர் சொன்ன ஒதுக்கீடு விஷயம் எனக்குத் தெரியாது, எங்கள் காலத்தில் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். 7.5க்குள்ளும் போட்டி இருக்கிறதே. ஊர்ப் பள்ளியில் இயற்பியலுக்கு வாத்தியாரே இல்லாமல் அரையாண்டு வரை ஓடினால் அந்தப் பிள்ளை எதை வைத்துப் போட்டியிடும்? ஒதுக்கீட்டைக் காட்டி மோசமான வகுப்பில் உட்கார வைப்பதும் ஒரு வகையில் ஏமாற்றுதான்.

வேதியியல்_டீச்சர் எழுதியது:

கோபம் இல்லை தம்பி, கேள்வி சரிதான். ஆசிரியர் இல்லாத பள்ளிகள் இருக்கின்றன, எங்கள் பள்ளியிலேயே ஒரு வருடம் கணக்குக்கு ஆள் இல்லாமல் திண்டாடினோம். அதற்குத் தனியார் பள்ளிக்குப் போவது மட்டும் வழி இல்லை. பக்கத்து ஊரில் இன்னொரு அரசு மேல்நிலைப் பள்ளி நன்றாக இருந்தால் பதினொன்றாவது அங்கே சேர்க்கலாம், அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் ஒதுக்கீடு எங்கேயும் போகாது. சார், பத்தாவது பரீட்சைக்கு முன்பே உங்கள் பள்ளிக்குப் போய் பதினொன்று, பன்னிரண்டுக்கு எந்தெந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், ஆய்வகம் திறக்கிறதா, என்னென்ன குரூப் இருக்கிறது என்று நேரில் பாருங்கள். சில பள்ளிகளில் பயோ மேத்ஸே இருக்காது, அது ஜூனில் தெரிந்தால் தாமதம். இன்னொன்று, அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்று என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். 7.5க்கு அது ஒன்று இல்லை.

கேன்_நம்பர் எழுதியது:

இ-சேவை மையம் நடத்துகிறேன், அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். எல்லோரும் குரூப், காலேஜ் என்று பேசுகிறீர்கள், ஆனால் ஜூன் மாதம் என் கடை வாசலுக்கு வந்து பாருங்கள் அண்ணே. வெயிலில் அம்மாக்கள் ரேஷன் கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கலந்தாய்வுக்குக் கடைசி நாள் நாளை மறுநாள், சாதிச் சான்று பழைய அட்டையாக இருக்கும், கையெழுத்து மங்கிப்போய் தாசில்தார் பெயரே தெரியாது. ஆதாரில் ஒரு பெயர், டிசியில் ஒரு பெயர். விஏஓ ஊரில் இருக்க மாட்டார். ஒரு அக்கா என் மேஜை மேலேயே தலையை வைத்து அழுதுவிட்டார், இத்தனைக்கும் மகள் 570 எடுத்தவள்.

ஆகவே இப்போதே ஆரம்பியுங்கள். முதலில் பத்தாவது பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயார் செய்வார்கள். அதில் போகிற பெயர்தான் மார்க் ஷீட்டில் வரும், அதுதான் அவள் ஆயுசுக்கும். பிறந்த தேதி, இனிஷியல், தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். "பாப்பா பார்த்துட்டா" என்று விடாதீர்கள், பிள்ளைகள் கூச்சத்தில் சரி என்று சொல்லிவிடும். பரீட்சைக்கு முன்பு என்றால் பள்ளியிலேயே ஒரு கோடு போட்டுத் திருத்திவிடலாம், பின்னால் என்றால் அலைச்சல்.

அடுத்து சாதிச் சான்று ஆன்லைனில் எடுத்ததாக இருக்க வேண்டும். கேன் நம்பர், அதாவது இ-சேவையில் ஆளுக்கு ஒன்றாகத் தரும் பதிவு எண், அதைப் போட்டு விண்ணப்பித்தால் 60 ரூபாய்தான், அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். வருமானச் சான்று ஒரு வருடம்தான் செல்லும், அதனால் அதை இப்போது எடுத்துப் பெட்டியில் வைத்துப் பிரயோஜனம் இல்லை, பன்னிரண்டாவது கடைசியில் எடுத்தால் போதும். முதல் பட்டதாரிச் சான்று உங்களுக்குக் கிடைக்கும், ஏனென்றால் பெரியவன் ஐடிஐ, அது பட்டப்படிப்பு இல்லை. வீட்டில் ஒருவருக்குத்தான் அந்தக் கட்டணச் சலுகை. 7.5இல் கிடைத்தால் அது தேவைப்படாமலே போகலாம், ஆனாலும் எடுத்து வையுங்கள், கலந்தாய்வில் என்ன நடக்கும் என்று யார் கண்டது.

பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறவர்கள் கவனிக்க: மத்திய அரசு கல்லூரிகளுக்கு, ஜேஇஇ மாதிரித் தேர்வுகளுக்கு, நம் பிசி, எம்பிசி சான்று செல்லாது. ஓபிசி என்று தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்தந்த நிதியாண்டில் எடுத்ததைக் கேட்பார்கள். இது தெரியாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு வந்த பையன்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பாப்பா பெயரில் ஒரு பேங்க் அக்கவுண்ட், ஆதார் இணைத்ததாக. உதவித்தொகை எதுவாக இருந்தாலும் அதில்தான் விழும்.

டிப்ளமோ_ஃபிட்டர் எழுதியது:

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். பத்தாவது முடித்து நேராக பாலிடெக்னிக் என்று ஒரு வழி இருக்கிறது. மூன்று வருடம், முடித்ததும் வேலைக்குப் போகலாம், படிக்க ஆசை இருந்தால் பிஇ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். நான் அப்படித்தான். கையில் ஸ்பேனர் பிடித்துப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. மற்றபடி டீச்சர் சொன்னதுதான் சரி, பாப்பாவுக்கு அறிவியல் பிடிக்கிறது போலத் தெரிகிறது.

பஞ்சர்கடை எழுதியது:

நேற்று ராத்திரி கடை சாத்திவிட்டு வந்து பாப்பாவிடம் கேட்டேன். நேராகக் கேட்டால் "நீங்க சொல்றதுதாம்ப்பா" என்கிறாள். அவ்வளவுதான் வரும். சரி என்று விட்டுவிட்டு ஆட்டுக் கொட்டகையில் தண்ணி வைக்கப் போனேன், பின்னாலேயே வந்தாள். எங்களிடம் நாலு வெள்ளாடு இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஒன்றுக்கு வயிறு உப்பிக்கொண்டு விழுந்துவிட்டது. நான் கடையை விட்டு வர முடியாமல் பாப்பாதான் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், ஆட்டின் இடது விலாவுக்குப் பின்னால் தட்டிப் பார்த்து, "இங்க கை வை, மத்தளம் மாதிரி இருக்கா?" என்று இவள் கையைப் பிடித்து வைத்துக் காட்டியிருக்கிறார். அப்புறம் வாய் வழியாகக் குழாய் விட்டு, காற்று இறங்கியதும், மருந்து ஊற்றி அனுப்பியிருக்கிறார். அதை நேற்று எனக்கு அரை மணி நேரம் சொன்னாள். இவள் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் "அந்த அக்கா என்னப்பா படிச்சிருப்பாங்க?" என்றாள்.

வீட்டில் சிரிக்கிறார்கள், "மாட்டு டாக்டரா?" என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு நீட் எழுத வேண்டுமா? எந்த குரூப்?

வேதியியல்_டீச்சர் எழுதியது:

பிவிஎஸ்சி என்பார்கள் சார், இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை வருடம். நம் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பன்னிரண்டாவது உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண் வைத்துத்தான் தரவரிசை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தனியாக விண்ணப்பம் கூப்பிடும், இன்ஜினியரிங் விண்ணப்பத்திலேயே இதுவும் வந்துவிடும் என்று நினைத்துத் தவற விடுகிறவர்கள் உண்டு. வேளாண்மைக்குத் தனி, பாராமெடிக்கலுக்குத் தனி, அரசு கலைக் கல்லூரிகளுக்குத் தனி. எல்லாம் ரிசல்ட்டை ஒட்டி அடுத்தடுத்து வரும், இவளை மூன்று இடத்திலாவது போட வையுங்கள், ஏனென்றால் கால்நடைக்கு இடங்கள் குறைவு, கட்ஆஃப் மேலே நிற்கும்.

குரூப்புக்கு ப்யூர் சயின்ஸும் போதும், பயோ மேத்ஸும் போதும். கணக்கு வேண்டாம் என்று அவளே சொன்னால் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தை உயிரியலுக்குக் கொடுக்கட்டும். முடிவை அரையாண்டுக்கு அப்புறம் எடுத்தால்கூடப் போதும்.

ஒரத்தநாடு_3ம்_ஆண்டு எழுதியது:

இந்த இழையை ஃபிரண்ட் அனுப்பினாள், அதனால் எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று முன்பு நாலு கல்லூரி, இப்போது தலைவாசல், உடுமலை, தேனி வீரபாண்டியும் சேர்ந்து ஏழு.

தங்கைக்கு நல்லது மட்டும் சொல்ல மாட்டேன். முதல் வருடம் அனாடமி அறையில் ஃபார்மலின் வாசம் தலைமுடி வரை ஏறும், ஹாஸ்டலில் சாப்பாடு இறங்காது. சினை பார்க்க மாட்டின் ஆசன வாயில் தோள் வரை கையுறை போட்டுக் கையை விட வேண்டும், மாடு அந்த நேரத்தில் சும்மா நிற்காது. நான் முதல் தடவை செய்தபோது கை மரத்துப்போய் வெளியே எடுத்துவிட்டேன், எதுவும் தெரியவில்லை, பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம்தான் விரலுக்குப் புரிய ஆரம்பித்தது. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். நானும் தமிழ் மீடியம்தான், முதல் ஆறு மாதம் அகராதியோடு குடும்பம் நடத்தினேன். பதினொன்றாவதிலேயே உயிரியல் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் எழுதிப் பழகச் சொல்லுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலை என்றால் டிஎன்பிஎஸ்சி மூலமாகக் கால்நடை உதவி மருத்துவர், அது எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டும், அதற்குள் பால் பண்ணை, கோழிப் பண்ணை, தனி கிளினிக் என்று போகிறவர்கள்தான் அதிகம்.

லீவு நாளில் அந்த மருந்தகத்துக்கே போய் அந்த டாக்டரம்மாவிடம் கேட்டு ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள். அப்புறமும் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது.

ஓஎம்ஆர்_வாசி எழுதியது:

சரி, நான் சரண்டர். ஆனாலும் இயற்பியலுக்கு வாத்தியார் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள் அண்ணே, அதை மட்டும் விடாதீர்கள். நான் பார்ப்பது டெஸ்டிங் வேலை. பதினைந்து வயதில் என்னிடம் யாராவது என்ன பிடிக்கும் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்று காலை ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். ஒன்றும் தோன்றவில்லை.

பஞ்சர்கடை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், சபரிமலை சீசன், பைபாஸில் வண்டி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

பள்ளிக்குப் போனேன். இயற்பியலுக்கு ஆள் இருக்கிறார், வேதியியலுக்கும் இருக்கிறார், உயிரியலுக்கு இருப்பவர் மே மாதம் ரிட்டயர் ஆகிறாராம். அதற்குப் பதில் வருவார்கள் என்கிறார் தலைமை ஆசிரியர். வரவில்லை என்றால் வேடசந்தூரில் உள்ள அரசுப் பள்ளிக்கு மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம். மச்சான் பேசுவதில்லை. அவன் பொண்டாட்டி மட்டும் தனியாகப் போன் செய்து "இப்ப எங்க பையனைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தா அந்த ஒதுக்கீடு கிடைக்குமா அண்ணே?" என்று கேட்டது. டீச்சர் சொன்னதை வைத்து, நடுவில் ஒரு வருடம் போய்விட்டதே தாயி என்று சொன்னேன், வேறு என்ன சொல்வது.

பாப்பா இரண்டு சனிக்கிழமை மருந்தகத்துக்குப் போனாள். முதல் நாள் ஒரு கன்றுக்குட்டி செத்துவிட்டது, வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இனிமேல் போக மாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை காலையில் பார்த்தால் ஆளைக் காணோம்.

கேன்_நம்பர் தம்பி, நீங்கள் சொன்ன பெயர்ப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இனிஷியல் எம் இருக்க வேண்டிய இடத்தில் என் என்று இருந்தது. பாப்பா அதில் சரி என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அங்கேயே திருத்தியாகிவிட்டது. இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், உங்களுக்குப் பஞ்சர் இலவசம்.

கேன்_நம்பர் எழுதியது:

என்னிடம் சைக்கிள்தான் இருக்கிறது அண்ணே.

பஞ்சர்கடை எழுதியது:

சைக்கிளுக்கும் ஒட்டுவோம் தம்பி.